அடித்துவிட்ட விடை

கல்யாணமாகிப் படப்பைக்குப் போனவள்தான் மஞ்சுளா. ஆனால் அந்த வருஷம் பொங்கல் கழிந்ததிலிருந்து பாதி நாள் அம்மா வீட்டில்தான் கிடந்தாள். காரணம் தம்பி. ஜீவானந்தம் ப்ளஸ் டூவில் மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறிவிட்டான். கெமிஸ்ட்ரியில் மட்டும் இரண்டு தடவை விழுந்திருந்தான். மார்ச்சில் மூன்றாவது தடவை உட்கார வேண்டும். மஞ்சுளா அதே பாடத்தில் பட்டம் வாங்கியவள். படப்பையில் நாலைந்து பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். சொந்தத் தம்பியைக் கரையேற்றாமல் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, ஒரகடத்தில் பஸ் மாறி, வாலாஜாபாத் போகும் வழியிலிருந்த தன் ஊருக்கு வந்து வந்து போனாள்.

வெறும் பாஸ், ஃபெயில் விஷயமாக இருந்திருந்தால் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். அவர்களுடைய அப்பா சுப்பிரமணி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பி ஃபேக்டரியில் ஆசிட் ஷெட்டில் வேலை பார்த்தவர். துருப்பிடித்து வரும் கம்பிச் சுருள்களைத் தொட்டியில் இருக்கும் ஆசிட்டில் முக்கி எடுக்கிற வேலை. தொட்டியிலிருந்து எந்நேரமும் புகை வந்துகொண்டிருக்கும். இருமலோடுதான் வீட்டுக்கு வருவார், இருமலோடுதான் போவார். கடைசியில் அந்த இருமலே அவரைக் கொண்டுபோனது. கம்பெனியில் வாரிசுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். பர்சனல் ஆபீசர் புருஷோத்தமன் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"பையன் ப்ளஸ் டூ பாஸ் பண்ணிட்டான்னா லேப்ல போட்டுடலாம்மா. ஆசிட் எவ்வளவு ஸ்ட்ராங்கா இருக்குன்னு டெஸ்ட் பண்ற வேலை. உக்காந்து பாக்குற வேலை. பாஸ் பண்ணலேன்னா அப்பா இருந்த இடம்தான். ரிசல்ட் வர்ற வரைக்கும், ஜூன் முடியற வரைக்கும் வெச்சிருப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

"நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சார். அந்த லேப் வேலைய எனக்குக் குடுங்களேன்" என்று மஞ்சுளா கேட்டாள்.

அவர் சங்கடத்தோடு சிரித்தார். "லேப்ல நைட் ஷிப்ட் இருக்கு. லேடீஸை எடுக்கிறதில்ல. அதோட கல்யாணமான பொண்ணு வாரிசுக் கணக்குல வராதும்மா."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா மீனம்மாள் எழுந்துகொண்டாள். உள்ளே போய் அப்பாவின் பழைய சட்டையை எடுத்து வந்து மஞ்சுளாவின் மடியில் போட்டாள். ஆசிட் தெறித்துத் தெறித்துச் சல்லடையாகிப் போன சட்டை.

"இதும்மாதிரி எத்தினி சட்டை தச்சிருப்பேன் தெரியுமா? அந்தத் தொட்டிக்கு இன்னொரு ஆள என்னால குடுக்க முடியாதுடி. இன்னா பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, அவன பாஸ் பண்ண வெய்யி."

அப்படித்தான் தொடங்கியது. ஜீவாவுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் சொல்வான். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் உள்ளங்கை வேர்த்துவிடும். சரியாக எழுதியதையே சந்தேகப்படுவான், அடிப்பான், வேறு எழுதுவான், அதையும் அடிப்பான். போன தடவை தொலைந்ததே அப்படித்தான். வேதிப் பிணைப்பும் மூலக்கூறு வடிவமும் என்ற பாடம் அவனுக்குப் பேயாக இருந்தது. எது நேர்கோடு, எது முக்கோணம், எது நான்முகி என்று நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். நெட்டுருப் போட்டது ஹாலில் நிற்கவில்லை.

"நெட்டுருவ விடு" என்றாள் மஞ்சுளா. "முதல்ல நடுவுல இருக்குற அணுவப் புடி. அதோட வெளி எலக்ட்ரான் எத்தினின்னு பாரு. அதுல எத்தினி அடுத்தவனோட கை கோத்திருக்கு? மீதி எத்தினி ஜோடி சும்மா கீது? சும்மா கீறதையும் சேத்து எண்ணு. அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க."

"சும்மா கீறத எதுக்கு எண்ணணும்?"

"சும்மா இருந்தாலும் அது எடத்த அடைக்கும். பக்கத்துல இருக்குறவன நெருக்கித் தள்ளும். அம்மோனியாவுக்கு மூணு பிணைப்பு, தலை மேல ஒரு தனி ஜோடி. அது அழுத்துறதாலதான் கோணம் நூத்தி ஏழாச் சுருங்குது. தண்ணியில ரெண்டு தனி ஜோடி. இன்னும் சுருங்கிடும்."

ஜீவா பென்சிலைக் கீழே வைத்தான். "நம்ம ரைஸ் மில்லு ரத்தினம் மாமா மாதிரி சொல்லு. வேலையே செய்ய மாட்டாரு, ஆனா மில்லு முச்சூடும் அவருதான் ரொம்பி இருப்பாரு."

மஞ்சுளா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் அப்பா போனதற்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது.

அதற்கப்புறம் அவன் பிடித்துக்கொண்டான். களிமண் உருண்டையும் ஈர்க்குச்சியும் வைத்து ஒவ்வொரு மூலக்கூறாகச் செய்து பார்த்தான். அவளே கஷ்டம் என்று ஒதுக்கி வைத்திருந்த குளோரின் ட்ரைஃப்ளூரைடை ஒருநாள் மத்தியானம் அவனாகப் போட்டுக் காட்டினான். குளோரினுக்கு வெளியே ஏழு, மூன்று கைகோத்தது, மிச்சம் நாலு, அதாவது இரண்டு தனி ஜோடி. ஆக மொத்தம் ஐந்து ஜோடி. தனி ஜோடி இரண்டும் நடுத்தளத்தில் உட்கார்ந்துகொள்ள, மூன்று ஃப்ளூரினும் இங்கிலீஷ் டி எழுத்து மாதிரி நிற்கும். மஞ்சுளா அந்த உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த முறை பையன் தேறிவிடுவான் என்ற தைரியம் அவளுக்கு வந்தது.

ஆனால் பிப்ரவரியில் வைத்த ப்ராக்டிகலில் ஜீவா பதற்றத்தில் பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "என்னால ஆவாதுக்கா. நான் ஷெட்டுக்கே போயிடறேன்" என்றான். மஞ்சுளாவுக்கு வந்திருந்த தைரியம் அதோடு போனது.

ரத்தினம் வந்தது அந்தச் சமயத்தில்தான். பள்ளிக்கூடத்துப் பின்சுவரை ஒட்டி அவருக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. அவர் மகனும் அதே பரீட்சை எழுதுகிறவன். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"உள்ள கேள்வித்தாள் குடுத்த கையோட பரீட்சைக்கு வராத பசங்களோட தாள் ஒண்ணு வெளிய வந்துடும். தண்ணி குடுக்குற கங்கம்மா எடுத்தாந்துடுவா. நீ என் மில்லுல உக்காந்து போட்டுக் குடுத்தா போதும். திரும்ப அவளே உள்ள கொண்டு போயிடுவா. என் பையனுக்கும் உன் தம்பிக்கும் இன்னும் நாலு பேருக்கும்."

"இதெல்லாம் வாணாம் மாமா. மாட்டுனா எல்லாருக்கும் பரீட்சையே போயிடும்."

"கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் ஆள் போட்டாச்சு. கெமிஸ்ட்ரிக்குத்தான் இந்தப் பக்கத்துல ஆளே இல்ல. உன்ன விட்டா யாரு கீறாங்க? யோசிச்சிச் சொல்லும்மா."

அவர் போன பிறகு மீனம்மாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கெஞ்சிப் பழகாதவள். அன்றைக்குக் கெஞ்சினாள். "ஊர்ல எல்லாம் பண்றாங்க மஞ்சு. நீ பண்ணலேன்னா மத்த பசங்க பாஸாவும், உன் தம்பி மட்டும் தொட்டிக்குப் போவான். உனக்கு அது சம்மதமா?"

மறுநாள் மஞ்சுளா ரத்தினத்துக்குச் சரி என்று சொல்லி அனுப்பினாள். ஜீவாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அந்த நினைப்பிலேயே படித்ததையும் விட்டுவிடுவான் என்று பயந்தாள்.

பரீட்சை நாளில் மில்லை வேண்டுமென்றே ஓட விட்டிருந்தார் ரத்தினம். சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பலகை போட்டிருந்தது. அதன்மேல் வெள்ளைத்தாள்களும் கார்பன் தாள்களும். கங்கம்மாள் முந்தானைக்குள்ளிருந்து நாலாக மடித்த கேள்வித்தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சுருக்கா எழுதும்மா. குடத்துல தண்ணி ரொப்பிகினு வரேன்னு சொல்ட்டு வந்துகீறேன்" என்றாள்.

மஞ்சுளா எழுதினாள். கார்பன் வழியாகக் கடைசித் தாள் வரைக்கும் பதிய வேண்டுமென்று பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியதில் விரல் மரத்தது. மீத்தேன், அம்மோனியா, ஆக்சிஜனின் பிணைப்புத் தரம். எல்லாம் தெரிந்த கேள்விகள். ரத்தினம் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஆச்சா? ஆச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் அவர் வாசலுக்கு ஓடினார். மஞ்சுளா எழுதிய தாள்களை மூட்டைக்கடியில் தள்ளினாள். நெல் வண்டிதான் என்று கையசைத்தார். அவள் தாள்களை மறுபடி எடுத்து வைத்துக் குனிந்து அடுத்த கேள்வியைப் படித்தாள். ட்ரைஃப்ளூரைடு என்று கண்ணில் பட்டது. கை தானாக எழுதியது. சமதள முக்கோணம், கோணம் நூற்றிருபது. ஒரு படமும் போட்டாள். கங்கம்மாள் தாள்களைச் சின்னச் சின்னதாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தைத் தூக்கிப் போனாள்.

மில்லுக்கு வெளியே இருந்த குழாயடியில் மஞ்சுளா கையில் ஒட்டிய கார்பன் மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது அவளைத் தாக்கியது. கேள்வியில் இருந்தது போரான் இல்லை. குளோரின். சமதள முக்கோணம் போரானுக்கு. குளோரினுக்கு இரண்டு தனி ஜோடி சும்மா இருக்கிறதே!

தண்ணீர் குழாயிலிருந்து கொட்டியபடி இருக்க உள்ளே ஓடினாள்.

"மாமா, ஒண்ணு தப்பா எழுதிட்டேன். கங்கம்மாவக் கூப்புடுங்க. வேற தாள்ல எழுதித் தரேன், ஒரே ஒரு கேள்வி."

"ஒரு கேள்விதானே. வுடு."

"இல்ல மாமா. எல்லாரும் அதே தப்ப எழுதுவாங்க. ஒரே படத்தப் போடுவாங்க. திருத்துறவங்களுக்குத் தெரியாம போவுமா?"

ரத்தினத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. சுவரோரம் போய் எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் தலையை இழுத்துக்கொண்டார். பள்ளி வாசலில் ஒரு ஜீப் நின்றிருந்தது. பறக்கும் படை. யாரோ கங்கம்மாளை மரத்தடியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். குடம் அவள் பக்கத்தில் இருந்தது, இடுப்பில் ஒன்றும் இல்லை. தாள்கள் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தன. ரத்தினம் மில்லை நிறுத்தச் சொன்னார். திடீரென்று விழுந்த அந்த அமைதியில் மஞ்சுளா சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் தம்பி. கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட முடியாது.

படை யாரையும் பிடிக்காமல் போய்விட்டது. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ரத்தினத்தின் மகன் சிரித்துக்கொண்டே வந்தான். ஜீவா கடைசியாக வந்தான். அக்காவைப் பார்த்ததும் நின்றான்.

"அது உன் கையெழுத்துதானே?"

அவள் தலையசைத்தாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"அந்தக் குளோரின் கேள்வி... நீ எப்படிடா எழுதின?"

அவன் முகம் கோணியது. "டி மாதிரின்னுதான் எழுதினேன். படம் போட்டு, ஜோடி எல்லாம் எண்ணி. அப்புறம் தண்ணி குடுக்குற அம்மா டம்ளருக்குக் கீழ வெச்சிக் குடுத்தாங்க. உன் கையெழுத்தப் பாத்தேன். முக்கோணம்னு போட்டிருந்த. நீ எழுதினா தப்பா இருக்காது, நான்தான் வழக்கம்போல ஒளறிட்டேன்னு நெனச்சேன். என்னுத அடிச்சிட்டு உன்னுத எழுதினேன்." அவன் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா... என்னுதுதான் சரியா?"

மஞ்சுளா சாலையோரத்து மைல் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். தூரத்தில் மில் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஏப்ரல் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மீனம்மாள் நம்பத் தொடங்கினாள். மஞ்சுளா நம்பவில்லை. ராத்திரி படுத்தால் ஒரு அறை தெரிந்தது. யாரோ ஒரு வாத்தியார் ஒவ்வொரு விடைத்தாளாகப் புரட்டுகிறார், ஒவ்வொன்றிலும் அதே தட்டை முக்கோணம்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நாட்டையே உலுக்கிய அந்தக் குண்டு வெடித்தது. பஸ் ஓடவில்லை. கடைகள் அடைத்துக் கிடந்தன. பிறகு போலீஸ் ஜீப்புகள் கிராமம் கிராமமாக வரத் தொடங்கின. புதிதாக யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று வீடு வீடாக விசாரித்தார்கள். ஒரு காலையில் அவர்கள் தெருமுனையிலும் ஒரு ஜீப் வந்து நின்றது. லத்தியோடு இரண்டு பேர் இறங்கி நேராக இவர்கள் வீட்டைப் பார்த்து நடந்து வந்தார்கள்.

ஊரே அந்தப் பெரிய சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மஞ்சுளாவின் புத்தி பரீட்சையைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. அவர்கள் அவளைத்தான் தேடி வருகிறார்கள். ஜீவாவைப் பின்பக்கமாகப் போகச் சொல்லித் தள்ளினாள். அவன் போக மறுத்தான். வாசலுக்கு வந்தவர்களிடம், அவர்கள் வாய் திறப்பதற்குள், "எல்லாம் நான்தான் பண்ணேன் சார், அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டாள்.

போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னம்மா பண்ணே?" என்றார் ஒருவர், கூர்மையாக.

மீனம்மாள்தான் பாய்ந்து வந்து சமாளித்தாள். பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, பயத்தில் உளறுகிறாள் என்றாள். வந்தவர்கள் நம்பியும் நம்பாமலும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெளியாள் யாருமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெரு திரும்பிய பிறகு மஞ்சுளா வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொண்டுவந்த ஜீவாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பரீட்சைத் துறையிலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது ஜூன் தொடக்கத்தில். காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். ஒரே விடை எழுதிய பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். ரத்தினத்தின் மகன் அப்பாவோடு அம்பாசிடரில் வந்திருந்தான். "எவனும் எதையும் ஒத்துக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணோம், அதான் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லணும்" என்று ரத்தினம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜீவாவை உள்ளே கூப்பிட்டபோது மஞ்சுளா ஜன்னலோரம் நின்றாள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், வயதானவர், கெமிஸ்ட்ரி ஆசிரியையாக இருந்து அதிகாரியானவர் போலிருந்தது. அவர் முன்னால் ஜீவாவின் விடைத்தாள் விரித்திருந்தது.

"இங்க ஒரு பதில் எழுதி, குறுக்கே கோடு போட்டு அடிச்சிருக்கியே. இதைப் படி பார்க்கலாம்."

ஜீவா குனிந்து படித்தான். குளோரினுக்கு ஏழு, மூன்று பிணைப்பு, இரண்டு தனி ஜோடி.

"இது நீயா எழுதினதா?"

"ஆமாம் மேடம்."

"ஏன் டி வடிவம்? தனி ஜோடி ரெண்டையும் மேலயும் கீழயும் வெச்சா என்ன?"

பரீட்சை ஹாலில் எழுதியதை அடிக்கிற அவன், பியூரெட்டை உடைக்கிற அவன், அங்கே நின்று பதில் சொன்னான். மெதுவாக, தட்டுத் தடுமாறி, ஆனால் சரியாக. நடுத்தளத்தில் வைத்தால் நெருக்கடி குறைவு என்றான். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கு. சரியான விடையை முழுசா எழுதியிருக்கே. அப்புறம் ஏன் அதை அடிச்சிட்டு இந்தத் தப்பை எழுதினே? ஊரே எழுதின அதே தப்பை?"

ஜீவா விடைத்தாளிலிருந்து கண்ணை எடுத்தான்.

"யாருடைய தாளைப் பார்த்து எழுதினே? பேரைச் சொன்னா உனக்கு நல்லது."

ஜீவா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் மறுபடி கேட்டார். அவன் மறுபடியும் பேசவில்லை. பக்கத்திலிருந்தவர் பேனாவை எடுத்து என்னவோ எழுதத் தொடங்கினார்.

மஞ்சுளா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ரத்தினம் பின்னாலிருந்து அவள் பேரைச் சொல்லிக் கத்தியது கேட்டது.

"அவன் சொல்ல மாட்டான் மேடம். நான் அவனோட அக்கா. அந்தத் தப்பு என்னுது. வெளிய உக்காந்து கேள்விக்கெல்லாம் விடை எழுதி அனுப்பினது நான்தான். என் கையெழுத்தப் பாத்துட்டுத்தான் அவன் தன்னோடத அடிச்சிட்டான். நான் எழுதினா சரியா இருக்கும்னு நெனச்சிட்டான்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி."

அந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "படிச்சும் இப்படிப் பண்ணியிருக்கீங்களே" என்று சொல்லியிருந்தால்கூட மஞ்சுளா தாங்கிக்கொண்டிருப்பாள். அவர் அப்படிச் சொல்லவில்லை. "உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். எங்கே உட்கார்ந்து எழுதினாள் என்று கேட்டார். மில்லில் என்று சொன்னாள். யார் உள்ளே கொண்டுபோனார்கள் என்று கேட்டார். அதை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாள். கங்கம்மாளுக்கு அந்தத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை விட்டால் வேறொன்றும் இல்லை.

"இவனுக்கு மட்டும் ஏதாவது பண்ண முடியுமா மேடம்? சரியான விடையும் அந்தத் தாள்லதானே கீது?"

"அடிச்ச விடைக்கு மார்க் போட முடியாதும்மா" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் மஞ்சுளாவைப் பார்க்கவில்லை.

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. கூப்பிடப்பட்ட எல்லாருக்கும் அந்த முறை எழுதிய கெமிஸ்ட்ரி ரத்து. ஆனால் வருஷக்கணக்கில் தடை போடவில்லை. செப்டம்பரில் மறுபடி எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னதால்தான் அந்த மட்டுக்கும் விட்டார்கள் என்று பள்ளிக்கூடத்து கிளார்க் சொன்னார். அதை ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தினம் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். "உன் தம்பியக் காப்பாத்துறதுக்கு என் புள்ளையக் காட்டிக்குடுத்தியே, நல்லா இருப்பியா?" மஞ்சுளா மில் பேரைச் சொன்னதுதான் அவருக்கு ஆத்திரம். கங்கம்மாளையும் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தெருவில் எதிர்ப்பட்டபோது கங்கம்மாள் மஞ்சுளாவைத் தாண்டி ஒன்றும் பேசாமல் போனாள். படப்பையில் ட்யூஷனுக்கு வந்த பிள்ளைகளும் ஒவ்வொன்றாக நின்றன. புருஷன் தசரதன் திட்டவில்லை. "பஸ் ஸ்டாண்டுல எல்லாம் என்னையே பாக்குறாங்க மஞ்சு" என்று மட்டும் சொன்னான்.

மஞ்சுளா ஃபேக்டரிக்குப் போய்ப் புருஷோத்தமனைப் பார்த்தாள். செப்டம்பர் வரைக்கும் லேப் வேலையை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் கேட்டுப் பாத்தேம்மா. ஜூன் முடிஞ்சாச்சு. இப்ப சேரலேன்னா வாரிசு வேலையே கேன்சலாயிடும். ஷெட்ல சேரட்டும். பாஸ் பண்ணதுக்கப்புறம் இடம் காலியானா பாக்கலாம்." காலியாகுமா என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜீவா சேர்ந்த அன்று மீனம்மாள் அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். மஞ்சுளாதான் ஃபேக்டரி கேட் வரைக்கும் கூடப் போனாள். கம்பெனியில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் அவனுக்குப் பெரிதாக இருந்தது. உள்ளே போகுமுன் நின்றான்.

"செப்டம்பருக்கும் நீ வருவியாக்கா, சொல்லிக்குடுக்க?"

"நானா?" என்றாள். அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "வரேன். ஆனா நான் சொல்றேங்கறதுக்காவ எதையும் ஒத்துக்காத. போட்டுப் பாரு. நீ போட்டது சரின்னு பட்டா, யார் வந்து மாத்திச் சொன்னாலும் கோடு போடாத. நானே வந்தாலும்."

சங்கு ஊதியது. அவன் பூட்ஸைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனான்.

மழைக்காலத் தொடக்கத்தில் அந்த மறுபரீட்சை வந்தது. வாலாஜாபாத்தில் சென்டர். மஞ்சுளா வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். பள்ளிச் சுவர்ப் பக்கமே போகவில்லை. ஜீவா வெளியே வந்தான். மெலிந்திருந்தான். வலது மணிக்கட்டில் ஆசிட் பட்ட இடம் கறுத்துப் போயிருந்தது. இருமினான். அந்த இருமல் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். அவள் எழுந்து நின்றாள்.

"பிணைப்புல ஒரு கேள்வி வந்துச்சுக்கா. சுத்தமா தெரியல. விட்டுட்டேன்."

"மத்தது?"

"மத்தது எழுதிக்கீறேன்." சற்று யோசித்து, "எதையும் அடிக்கல" என்றான்.

டீ வாங்கிக் கொடுத்தாள். பாதிதான் குடித்தான். ஒரகடம் பஸ் வந்துவிட்டது. இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது. லுங்கியும் பழைய சட்டையும் சுருட்டி வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டான். கூட்டத்தில் அவன் தலை மட்டும் தெரிந்தது. பஸ் நகர்ந்த பிறகு மஞ்சுளா கடைக்காரரிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டாள்.